பெயர் எழுதாத ஈசிஜி

அந்த ஈசிஜி தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டவன் நான். மூன்று மாதம் கழித்து இன்னொரு மருத்துவர் அதே தாளை என் முன்னால் நீட்டி, "இது எங்க எடுத்தது சார்?" என்று கேட்டபோது, தெரியாது என்று சொன்னவனும் நான்தான். கிழித்தது அவசரத்தில். பொய் சொன்னது நிதானமாக.

தென்காசியில் முப்பத்தெட்டு வருடம் பொது மருத்துவனாக இருந்தேன். அதில் கடைசிப் பதினாறு வருடம் என் கிளினிக்கின் முன்னறை ஒருத்தியின் கையில் இருந்தது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அதை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ப்ளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியவள். நர்சு படிப்பெல்லாம் கிடையாது. டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஈசிஜி எடுப்பது, ஊசி போட்ட கையில் பஞ்சை வைத்துப் பிடிப்பது எல்லாம் பார்த்துப் பழகியது. வடகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நான் வருவதற்குள் தரையைக்கூடத் துடைத்து வைத்திருப்பாள்.

அவளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் வேகத்தைத்தான் சொல்வார்கள். நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய ஃபைல் என் மேசைக்கு வந்துவிடும். மாத்திரைச் சீட்டை விளக்குகிறபோது ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் வந்து முட்டும். இலஞ்சியிலிருந்து மாதாமாதம் பிரஷருக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு அவளோடு மல்லுக்கட்டாவிட்டால் வைத்தியம் பார்த்த நிறைவே வராது.

"ஏ தாயி, மெதுவா சொல்லு. எனக்கு ஒரு காதுதான் கேக்கும்."

"ஒரு காதுக்கு ஒரு தடவதான் சொல்லுவேன் அண்ணாச்சி. காலைல ஒண்ணு, ராத்திரி சாப்ட்டு ஒண்ணு. கிளம்புங்க, பஸ்ஸு போயிரும்."

"போனா என்ன, நீதான் என்னயத் தூக்கிட்டு ஓடிருவியே."

"உங்க வெயிட்ட எழுதுனதே நாந்தான். ஆளவிடுங்க."

முன்னறை மொத்தமும் சிரிக்கும். உள்ளே உட்கார்ந்து நானும் சிரிப்பேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் பாறையில் வழுக்கி விழுந்தவர்கள், காதில் தண்ணீர் போனவர்கள், வெளியூர்க் காய்ச்சல்காரர்கள் என்று கூட்டம் இரண்டு மடங்காகும். அவள் இல்லாமல் என்னால் ஒரு சீசனைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. இதை அவளிடம் சொன்னதில்லை.

கடைசி இரண்டு வருடங்களில் அந்த வேகம் இன்னும் கூடியது. பதினாலு வருடம் பார்த்த வேகத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் அது எனக்குத் தனியாகத் தெரியவில்லை. நல்ல வேலைக்காரி இன்னும் நல்ல வேலைக்காரியாகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மற்ற மாற்றங்களும் கண்முன்னால்தான் இருந்தன. மத்தியானம் இரண்டு டிபன் பாக்ஸ் சோற்றை முடித்துவிட்டு நாலு மணிக்கு வடை தேடுவாள். ஆனால் ஜாக்கெட்டின் கை தொளதொளத்துக்கொண்டே போனது. "சோறெல்லாம் எங்கனதான் போகுது?" என்று இலஞ்சிப் பெரியவர் கேட்டதற்கு, "காலுக்குப் போகுது அண்ணாச்சி" என்றாள். சாரல் அடித்து ஊரே மப்ளர் சுற்றிக்கொண்டிருக்கும் ஆடி மாதத்தில் அவள் ஃபேனுக்கு நேர்கீழே நிற்பாள்.

"ஏட்டி, அந்த ஃபேன அமத்து. பிள்ளைக்குக் குளிருதுல்லா" என்று ஒருத்தி ஒருநாள் சண்டைக்கு வந்தாள்.

"குளிருதுன்னா அந்த ஓரமா போய் இரிங்கக்கா. நான் இங்கன வெந்துக்கிட்டு நிக்கேன்."

வேர்வையைத் துடைக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு பூத்துண்டு போட்டிருப்பாள். அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அவள் கண்கள் முன்பைவிடப் பெரிதாக, எப்போதும் திடுக்கிட்டவள் போலத் தெரிந்தன. சின்னப் பிள்ளைகள் அவளை முழிக்கண்ணு அத்தை என்றார்கள். அவள் நீட்டும் காப்பித் தம்ளர் டபராவில் கடகடக்கும். "கை என்ன தந்தியா அடிக்குது?" என்று நான் கடிந்திருக்கிறேன்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் சுரந்தால் என்னென்ன தெரியும் என்று இரண்டாம் வருட மருத்துவ மாணவனைக் கேட்டால் இதைத்தான் வரிசையாகச் சொல்வான். அந்த வரிசை முழுவதும் என் நாற்காலியிலிருந்து எட்டடி தூரத்தில், ஒரு கதவுக்கு அப்பால், காலையிலிருந்து மாலைவரை நடமாடியது.

அவள் ஏன் வேறு மருத்துவரிடம் போகவில்லை என்று கேட்கலாம். அதற்கும் நான்தான் காரணம். அவளுக்கு முன்பிருந்தே என்னிடம் இருந்த கம்பவுண்டர் ஒருமுறை மஞ்சள் காமாலைக்கு அடுத்த தெரு டாக்டரிடம் போய்விட்டு வந்தார். நோயாளிகள் நிறைந்திருந்த நேரத்தில், "ஏன்யா, நம்ம கடையில சரக்கு தீந்து போச்சா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த அவளும் சிரித்தாள். அதன்பிறகு என்னிடம் வேலை பார்த்த யாரும் ஊரில் வேறு டாக்டர் வாசலை மிதிக்கவில்லை. என்னிடமும் காட்ட முடியாது. என் மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூல் டோக்கன் வாங்கியவர்களுக்கு மட்டுமே. டோக்கன் கொடுப்பவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருமுறை நின்றபடியே சொன்னாள். ஆனி மாதம், கூட்டம் வருவதற்கு முந்தைய காலை நேரம். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"சார், ஒரு நிமிசம். நெஞ்சுக்குள்ள யாரோ மாடிப்படி இறங்குத மாதிரி இருக்கு. ஒழுங்கா இறங்க மாட்டுக்கான். ரெண்டு படிய விட்டுட்டுக் குதிக்கான், பெறவு ஓடுதான், பெறவு நிக்கான்."

சொல்லிவிட்டு வலது கையை மேசைக்கு மேலாக நீட்டினாள். மணிக்கட்டு மேலே பார்த்திருந்தது.

முப்பத்தெட்டு வருட வைத்தியத்தில் இத்தனை துல்லியமான நோய் விவரிப்பை நான் கேட்டதில்லை. மருத்துவப் புத்தகங்கள் ஒழுங்கற்ற ஒழுங்கின்மை என்று சொல்வதை அவள் ஒரு மாடிப்படியை வைத்துச் சொல்லிவிட்டாள். நான் பேப்பரை மடிக்கவில்லை.

"நாப்பத்தாறு ஆச்சுல்லா உனக்கு? இந்த வயசுல பொம்பளைகளுக்கு இப்படித்தான் படபடன்னு வரும். குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். ஞாயித்துக்கிழமை ஐந்தருவிக்குப் போய் அரைமணி நேரம் தலையக் குடு. எல்லாம் இறங்கிரும்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கை துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டது.

நான் சொன்னபடியே அவள் ஞாயிறுதோறும் போனாள். திங்கட்கிழமை கேட்டால், "அருவிக்குள்ள நிக்க வரைக்கும் ஒண்ணுமே தெரியல சார்" என்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உடம்புக்குள் அப்படி எரிந்துகொண்டிருப்பவளுக்கு அத்தனை குளிர்ந்த தண்ணீர் சுகமாகத்தான் இருந்திருக்கும். அந்தச் சுகம் இரண்டு பேரையும் ஏமாற்றியது. அவளை ஏமாற்றியதில் ஆச்சரியமில்லை.

அந்த மாதமே உள்ளூர் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் நான் அரைமணி நேரம் பேச வேண்டியிருந்தது. நானே தேர்ந்தெடுத்த தலைப்பு: தைராய்டும் இதயத் தாளமும். சுரப்பு மிகுந்தால் இதயத்தின் மேலறைகள் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும் என்று எழுதினேன். கீழறைகள் அந்தக் குழப்பத்தில் முறை தப்பித் துடிக்கும். மேலறையில் தேங்கும் ரத்தம் உறையும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நேரத்தோடு கண்டுபிடித்துச் சுரப்பை அடக்கினால் பலருக்கு இதயம் தானாகவே பழைய தாளத்துக்குத் திரும்பும். ஆகவே துடிப்பு தப்புகிற ஒவ்வொருவருக்கும் தைராய்டு பாருங்கள், ஒரு குப்பி ரத்தம் போதும் என்று முடித்திருந்தேன். பேச்சுக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது.

அந்தப் பேச்சை டைப் அடித்துத் தந்தவள் அவள். பதினோரு பக்கத்தையும் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டு வந்து நின்றாள்.

"சார், இதுல எழுதியிருக்கது எல்லாமே ஒரே ஆளுக்கு வருமா?"

"பிழை இருக்கான்னு மட்டும் பாரு" என்றேன்.

ஆடி பிறந்து கூட்டம் நெரித்த ஒருநாள், பிற்பகலில் பார்க்க வேண்டிய ஈசிஜிகளை வழக்கம்போல் அடுக்கி வைத்திருந்தாள். நடுவில் ஒரு தாளில் பெயரும் இல்லை, டோக்கன் எண்ணும் இல்லை. எடுத்துப் பார்த்தேன். கோடு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன இது? கோடெல்லாம் ஆடுது. உன் கை நடுக்கத்துல எடுத்தா இப்படித்தான் வரும்."

"சார், அது வந்து..."

"பேர் எழுதாத தாளை என் மேசைல வைக்காதேன்னு எத்தன தடவ சொல்லியாச்சு?"

இரண்டாகக் கிழித்து, அதை மறுபடி இரண்டாக்கிக் கூடையில் போட்டேன். "சரி சார்" என்றாள். வெளியே போய் அதே வேகத்தில், "நாப்பத்தொண்ணு! நாப்பத்தொண்ணு யாரு?" என்று கூப்பிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, தானே படுத்து, நெஞ்சில் தானே கருவியின் ரப்பர் பல்புகளை ஒட்டி, எட்டிப் பொத்தானை அமுக்கி எடுத்திருக்கிறாள். டைப் அடித்த பேச்சில் தன்னைக் கண்டுகொண்டவள், வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, எனக்குப் புரிகிற மொழியிலேயே எழுதி என் மேசையில் வைத்தாள். கை நடுங்கினால் கோடு நடுங்கும், உண்மைதான். ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கை நடுக்கம் மாற்றாது. அந்த இடைவெளிகளைப் பார்க்க ஐந்து விநாடி போதும். நான் இரண்டு விநாடிதான் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை. "பதினெட்டு" என்று கூப்பிட்டாள். யாரோ எழுந்தார்கள். மறுபடியும் "பதினெட்டு" என்றாள். மூன்றாம் முறை அந்தச் சொல் குழைந்து வழிந்தது. முன்னறையில் யாரோ சிரித்தார்கள், விளையாடுகிறாள் என்று நினைத்து. ஃபைல்கள் தரையில் விழும் சத்தம் கேட்டு நான் எழுந்து போனபோது அவள் வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. வலது கை அவளுடையதல்ல என்பது போலத் தொங்கியது. குனிந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். குதித்தது, ஓடியது, நின்றது, இரண்டு படியை விட்டுவிட்டு மறுபடி ஓடியது. கழுத்துத் துண்டை விலக்கினேன். வீங்கிய சுரப்பி கண்ணுக்கே தெரிந்தது. அவள் நீட்டியபோது தொடாத கையை, நீட்ட முடியாமல் போனபிறகுதான் தொட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தத்தில் தைராய்டு சுரப்பு எக்கச்சக்கமாக இருந்தது. மறுநாள் அங்கிருந்த மருத்துவர், என்னைவிட மிகவும் இளையவர், அந்தத் தாளை எடுத்து வந்தார். காப்பீட்டு அட்டை தேடி அவள் கைப்பையைத் துழாவியபோது கிடைத்ததாம். நாலு துண்டுகளையும் கூடையிலிருந்து பொறுக்கி, பின்பக்கம் எங்கள் கிளினிக் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். மேல் ஓரத்தில் நீல மையில் அவள் பெயர், வயது 46, பெண் என்று எழுதியிருந்தது. பெயர் எழுதாமல் வைக்காதே என்றேன் அல்லவா, எழுதிவிட்டாள். மறுபடி வைக்கத்தான் துணியவில்லை.

"மூணு மாசத்துக்கு முந்தின தேதி இருக்கு சார். அப்பவே தாளம் தப்பியிருக்கு. இது எங்க எடுத்தது சார்? உங்க கிளினிக்லயா?"

அவள் புருஷன் பக்கத்தில் நின்றார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வடகரையில் தென்னந்தோப்பு பார்ப்பவர். அவளுடைய செருப்புகளைக் கையில் பிடித்திருந்தார்.

"தெரியல. ஏதாவது கேம்ப்ல எடுத்திருப்பா" என்றேன்.

"எங்ககிட்ட வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா சார் இவ" என்றார் அவர்.

அதன்பிறகு எல்லாம் என் பேச்சில் எழுதியிருந்தபடியே நடந்தது. சுரப்பை அடக்கும் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. சுரப்பு சரியாகி, ஐந்தாம் மாதத்தில் இதயம் தானாகவே தாளத்துக்குத் திரும்பியது. ஒரு குப்பி ரத்தத்தோடு முடிந்திருக்க வேண்டிய நோய். கையும் பேச்சும் மட்டும் திரும்பவில்லை. எது அவள் பிறவி வேகம், எது நோயின் வேகம் என்று பிரித்துச் சொல்ல இனி யாராலும் ஆகாது.

கிளினிக்கை மூடினேன். வாரந்தோறும் வியாழக்கிழமை வடகரைக்குப் போனேன். அவள் புருஷன் தெருமுனைவரை வந்து கூட்டிப்போவார், இளநீர் வெட்டித் தருவார். "எங்க டாக்டர் வாரந் தவறாம வாராரு" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். அவள் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து மாதம் இப்படிப் போனது. அந்த இளநீரை ஒவ்வொரு வாரமும் குடித்தேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு வியாழன் என் பழைய ஈசிஜி கருவியைக் கொண்டுபோனேன். நான் சொல்லச் சொல்ல அவள் புருஷன்தான் ஒட்டினார். தாள் வந்தது. மேலே அவள் பெயரை எழுதி அவளிடம் கொடுத்தேன். இடது கையால் வாங்கி மடியில் விரித்து, ஒரு துடிப்பிலிருந்து அடுத்ததற்கு விரலை நகர்த்திக்கொண்டே போனாள். இடைவெளிகள் எல்லாம் சமமாக இருந்தன. நான் பார்க்காமல் விட்டதை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கை நீட்டியது, அருவிக்கு அனுப்பியது, கிழித்தது, திருநெல்வேலியில் தெரியாது என்றது எல்லாவற்றையும்.

"இத ஏன் சார் இப்ப எங்கிட்ட சொல்லுதிய?"

"உங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு நான் என்ன செய்ய? வாரா வாரம் உங்களக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப அந்தக் கைய நான் எங்கன வைக்க?"

அவளிடம் திரும்பினார். "ஒனக்கு இது தெரியுந்தான? ஒரு நாளாவது சாடையாச் சொல்லியிருக்கலாம்லாட்டி. ஏன் சொல்லல?"

அவள் உதடுகள் அசையத் தொடங்கின. இரண்டு சொல்தான். அது வெளியே வர அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நாலு பேருக்கு மாத்திரை சொல்லி அனுப்பியிருப்பாள்.

"சார்... சொல்லட்டும்னு."

அவர் எழுந்து தோப்புக்குள் போய்விட்டார். நானும் அவளும் மட்டும் இருந்தோம். என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, "கையக் குடும்மா, பாக்கேன்" என்று கையை நீட்டினேன். மடியில் கிடந்த வலது மணிக்கட்டின் மேல் அவள் தன் இடது கையை வைத்து மூடிக்கொண்டாள். கோபமாக அல்ல. பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. என் கை எவ்வளவு நேரம் அப்படியே நீண்டிருந்தது என்று தெரியவில்லை.

திருநெல்வேலி மருத்துவருக்கு எழுதினேன்: அந்த ஈசிஜி என் கிளினிக்கில் எடுத்தது, பார்த்துக் கிழித்தது நான், நோயாளியின் குறிப்பில் அப்படியே சேர்க்க வேண்டும் என்று. குறித்துக்கொண்டேன் என்று மட்டும் பதில் வந்தது.

வியாழக்கிழமைகளில் இன்னமும் போகிறேன். வராதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தெருமுனைக்கு யாரும் வருவதுமில்லை. ஊர் சுகாதார நர்சு வந்து நாடி பிடித்துப் பார்த்து, எண்ணை உள்ளிருந்தபடியே உரக்கச் சொல்வாள். எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் தென்காசி திரும்புகிறேன்.